எட்டுப் பேரும் முதல் ஆள்

எட்டுப் பேரும் தான்தான் முதல் ஆள் என்றார்கள்.

திரையில் எட்டு வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எட்டிலும் ஒரே வாசகம்: என் எண் பூஜ்ஜியம், நாங்கள் மொத்தம் ஒருவர். கம்ப்யூட்டர் உலகத்தில் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில்தான் ஆரம்பிக்கும். பூஜ்ஜியம் என்றால் முதல் ஆள். சுடர்விழி ஒருதரம் படித்தாள்.

"இதத்தான் அக்கா அன்னிக்குச் சொன்னேன்" என்றான் தௌபீக். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தியிருந்தால் தேவலை போலிருந்தது.

தௌபீக் அய்யம்பேட்டைக்காரன். தஞ்சாவூரை ஒட்டிய அந்தப் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சுடர்விழி அங்கே உதவிப் பேராசிரியை. ஆய்வுக்கூடத்து மூலையில் இரும்புச் சட்டத்தில் அடுக்கி, ஒயர் இழுத்துக் கட்டிய எட்டுக் கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றில் ஓடுகிற புரோகிராம் அவள் எழுதியது. ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வந்து, வானத்திலிருந்து இவ்வளவு மழையும் பெய்தால், டெல்டாவில் எந்த வடிகால் எவ்வளவு ஏறும் என்று சொல்லும். ஒரே கம்ப்யூட்டரில் போட்டால் கணக்கு முடிவதற்குள் வெள்ளமே வடிந்துவிடும். அதனால் கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் டெல்டாவை எட்டுத் துண்டாக அறுத்து, ஆளுக்கொரு துண்டு. ஒவ்வொருவரும் தன் துண்டைக் கணக்குப் போட்டுக்கொண்டே, எல்லையில் பக்கத்துத் துண்டுக்காரனுக்குச் சேதி அனுப்ப வேண்டும்: என்னிடமிருந்து இவ்வளவு தண்ணீர் உன் பக்கம் வருகிறது, பார்த்துக்கொள்.

இதெல்லாம் நடப்பதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. சேதிப் பரிமாற்றத்துக்கான சூழலைத் தொடங்க வேண்டும். புரோகிராமில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியில்தான் எட்டுப் பேரும் கண் விழித்து, ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டு, இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குவார்கள். நான் எத்தனையாவது ஆள்? நாம் மொத்தம் எத்தனை பேர்? அது தெரியாமல் யாரும் வேலையில் கை வைக்கக் கூடாது.

போன வாரம் தௌபீக் அந்தச் சேதி மென்பொருளைப் புதிதாக மாற்றியிருந்தான். "அக்கா, உங்க புரோகிராம் பழசுல கட்டினது. ஆள எழுப்பிவிடுறது இப்ப புதுசு. ரெண்டுக்கும் ஒத்துக்காது. திரும்ப ஒருதரம் கம்பைல் பண்ணிட்டு ஓட்டுங்க" என்றான். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டே "சரி தம்பி, பாத்துக்கிறேன்" என்றாள். பார்க்கவில்லை.

புதியது எட்டுப் பேரை எழுப்பிவிட்டது. பழைய புரோகிராமுக்கு அது பேசியது காதில் விழவில்லை. ஒவ்வொருவனும் தனியாகக் கண் விழித்து, சுற்றிலும் யாருமில்லை என்று நினைத்து, தான் ஒருவன்தான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

அப்போதும் ஒன்றும் குடிமுழுகிப் போயிருக்காது. மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டு, வந்த பதிலின்படி துண்டு போட்டிருந்தால், ஒவ்வொருவனும் முழு டெல்டாவையும் தனியாகக் கணக்குப் போட்டிருப்பான். நேரம் ஆகியிருக்கும், விடை சரியாக வந்திருக்கும். ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் சுடர்விழி தன் கையால் எட்டு என்று எழுதி வைத்திருந்தாள். எப்போதும் எட்டுத்தானே. ஆக, எட்டுப் பேரும் முதல் துண்டையே போட்டார்கள், கல்லணைப் பக்கத்தை. மற்ற ஏழு துண்டையும் யாரும் தொடவில்லை. தொடாத இடத்தில் பூஜ்ஜியம் கிடந்தது. வரைபடத்தில் பூஜ்ஜியத்துக்கு வெள்ளை நிறம். வெள்ளை என்றால் தண்ணீர் இல்லை.

வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்ததைப் பார்த்து, புது மென்பொருள் வேகமாக இருக்கிறதே என்று அன்று சந்தோஷப்பட்டாள். அதை நினைத்தபோது முகம் சுட்டது.

"வெளிய யாருக்கும் அனுப்பலல்ல அக்கா?"

"இல்ல. சும்மா சோதனைக்கு ஓட்டினதுதான்."

"அப்பத் தப்பிச்சோம்."

அவள் தலையாட்டினாள். வெளியே யாருக்கும் அனுப்பவில்லை. அப்பாவுக்குச் சொன்னாள், அவ்வளவுதான்.

தௌபீக் புரோகிராமைத் திரும்பக் கட்டி ஓட்டினான். இந்தத் தடவை எட்டு வரியிலும் எட்டு எண், பூஜ்ஜியத்திலிருந்து ஏழு வரைக்கும். கேன்டீனுக்குப் போய் டீ குடித்துவிட்டு வந்தபோது வரைபடம் தயாராக இருந்தது. நீடாமங்கலத்துக்குத் தெற்கே, கோரையாற்றுக்கும் வடிகாலுக்கும் நடுவில், அவள் ஊர் இருக்கிற இடம் மைக் கொட்டினதுபோல் கருநீலமாகக் கிடந்தது. ஒரு டீ குடிக்கிற நேரம். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

*

ஊரில் அந்த வயக்காட்டுக்கு வண்டிப்பாதை கிடையாது. தார் ரோட்டை ஒட்டி முதல் வயல் அவள் அப்பா ராஜாங்கத்தினுடையது. அதற்குப் பின்னால் காளியம்மாளின் குத்தகை வயல், அதற்கும் பின்னால் வீரையனின் நிலம், அப்படியே வடிகால்கரை வரைக்கும். அறுவடை மிஷின் ரோட்டிலிருந்து ராஜாங்கத்தின் வயலில் இறங்கி, அதை அறுத்துவிட்டு, வரப்பேறி அடுத்ததுக்குப் போகும். அதனால் அதற்கு வாசல் வயல் என்று பெயர். வாசல் வயல்காரன் அறுக்காமல் உள்ளே இருக்கிற யாரும் அறுக்க முடியாது. நிற்கிற கதிரை மிதித்துக்கொண்டு மிஷினை உள்ளே விட எவனும் சம்மதிக்க மாட்டான், விடச் சொல்லிக் கேட்கவும் மாட்டார்கள். இதுவரை யாரும் தகராறு பண்ணியதில்லை. மிஷின் வந்த அன்றைக்கு அறுத்துவிடுவார்கள்.

அன்று அப்பா போன் பண்ணினபோது பின்னால் மிஷின் உறுமுகிற சத்தம் கேட்டது.

"மிஷினு வந்து ரோட்டுல நிக்கிது பாப்பா. குறுவ நெல்லு இன்னும் செத்த பச்சையா இருக்கு. இப்ப அறுத்தா ஈரம் சாஸ்தின்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிவிடுவான். விட்டா மழைங்கிறான். நீ என்ன சொல்ற?"

அவள் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். நடந்துகொண்டே போனில் வரைபடத்தைத் தள்ளிப் பார்த்தாள். வெள்ளை.

"மழ பெய்யும்பா. ஆனா வடிகால் ஏறாது. வயல்ல தண்ணி நிக்காது. நாலு நாள் விட்டு அறுங்க."

"நல்லாப் பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்பா."

அப்பா போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பக்கத்தில் நின்ற யாரிடமோ சொன்னது கேட்டது. "எம்பொண்ணு கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லிருச்சு. மிஷின அனுப்பிவிடுங்க." அந்தக் குரலில் இருந்த மிதப்பை அவள் ரசித்தாள். வகுப்புக்குள் சிரித்தபடியே நுழைந்தாள்.

மிஷின் மன்னார்குடிப் பக்கம் போய்விட்டது. இரண்டு ராத்திரி விடாமல் பெய்தது. வடிகால் எதிர்த்து ஏறி வயலுக்குள் வந்தது. அது தெரிந்த பிறகுதான் அவள் தௌபீக்கைக் கூப்பிட்டு அந்த எட்டு வரிகளைப் பார்த்தாள்.

*

நீடாமங்கலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் சில வாக்கியங்கள் தயாராக வைத்திருந்தாள். மாடலில் ஒரு சின்னப் பிழை. மழை எதிர்பார்த்ததைவிட அதிகம். இந்த வருஷம் வடிகாலைத் தூர் வாரவில்லை. எல்லாமே உண்மைதான், அதுதான் கேவலம்.

ஊர் மதகடியில் காளியம்மாள் நின்றாள். தலையில் ஈரக் கதிர்க்கட்டு, சேலை முழங்காலுக்கு மேல் செருகியிருந்தது. ஒரே தெரு, சின்னம்மா முறை. சின்ன வயதில் சுடர்விழி பள்ளிக்கூட லீவில் நடவுக்குப் போனபோது, கரையில் நின்று ஆள் கூப்பிட்டு இடம் பிரித்துவிட்டவள் இவள்தான்.

"வாடி அம்மா. தெரிஞ்சு வந்தியா?"

"ஆமா சின்னம்மா."

"உங்கப்பன் பண்ணின வேலையப் பாத்தியா? நீ அறுக்கச் சொல்லியிருக்க. அவந்தான் காயட்டும் காயட்டும்னு மிஷினத் திருப்பிவிட்டிருக்கான். அதுக்கு உம் பேர வேற இழுத்திருக்கான். நேத்துத்தான் மதகடியில எல்லாரும் நெருக்கிக் கேட்டப்ப ஒத்துக்கிட்டான். 'அது அறுக்கத்தான் சொன்னுச்சு, நான்தான் பேராசைப்பட்டுட்டேன்'னு. நல்லாருக்கா ஞாயம்? படிச்ச புள்ள சொன்னதக் கேக்குறதுக்கு என்னடி அவனுக்கு?"

சுடர்விழி வாயைத் திறந்தாள். தயாராக வைத்திருந்த வாக்கியங்களில் எதுவும் இதற்குப் பொருந்தவில்லை.

"நீ சொன்னியா இல்லியா?" என்றாள் காளியம்மாள்.

"ம்" என்றாள் சுடர்விழி.

எப்படி வந்தது அது என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டிலிருந்து ஒழுகிய தண்ணீர் காளியம்மாளின் கழுத்து வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. "அதானே" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். கதிரில் அங்கங்கே முளை விட்டிருந்ததைச் சுடர்விழி பின்னாலிருந்து பார்த்தாள்.

*

வயல் குளமாக இருந்தது. சாய்ந்த பயிர் தண்ணீருக்கடியில் தலைமுடி மாதிரி ஒரு பக்கமாகப் படிந்து கிடந்தது. ராஜாங்கமும் அம்மா ராசம்மாளும் தொடையளவுத் தண்ணீரில் நின்று, கையை உள்ளே விட்டுத் துழாவி, கதிரை மட்டும் அறுத்துப் படுதாவில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கம்ப்யூட்டர நனையாம மூடிவச்சிட்டு வந்தியா?"

"சும்மா இரு" என்றார் அப்பா.

வரப்பில் குடையோடு வீரையன் வந்தார். பெரிய வீட்டுக்காரர். ராஜாங்கத்தின் தகப்பனார் அவர்கள் வீட்டில் பண்ணையாள். ராஜாங்கமும் பாதி வயது வரைக்கும் அங்கேதான் கூலிக்குப் போனார். வீரையனின் பங்காளி சென்னைக்குக் குடிபோனபோது விற்ற வயல்தான் இந்த வாசல் வயல். பட்டா ராஜாங்கத்தின் பெயருக்கு மாறி, சுடர்விழி கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, வீரையன் வாயில் இருந்த ஒரு 'டா' காணாமல் போயிருந்தது. யாரும் சொல்லிக் கொடுத்துப் போகவில்லை. ஒருநாள் போய்விட்டது. ராஜாங்கம் அதைப் பற்றி வீட்டில் பேசியதில்லை. ஆனால் அந்த வருஷம் அவர் புது வேட்டி எடுத்தது சுடர்விழிக்கு ஞாபகம் இருந்தது.

"வாம்மா, இப்பத்தான் வர்றியா?" என்றார் வீரையன் அவளிடம். பிறகு வயல் பக்கம் திரும்பினார். "ஏண்டா ராசாங்கம், புள்ள சொன்னதக் கேட்டிருந்தா இந்த நெலம வருமாடா? உள்ள இருக்கிற அத்தன பேரு வாயிலயும் மண்ணப் போட்டியே. வாசல உங்கையில குடுத்தது தப்பு."

அப்பா குனிந்தபடியே, "தப்புத்தாங்க" என்றார்.

சுடர்விழிக்குத் தண்ணீரில் நின்ற அப்பாவின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அதில் எந்த மாற்றமும் இல்லை. அந்த முதுகுக்கு இது பழக்கம்.

வீரையன் போன பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு அவள் வயலில் இறங்கினாள்.

"ஏம்பா அப்படிச் சொன்னீங்க?"

"எப்படி?"

"நான் அறுக்கச் சொன்னதா."

அப்பா அறுத்த பிடியைப் படுதாவில் போட்டார். "உம் பேரு கெடக்கூடாது. இந்தத் தெருவுலேர்ந்து போயி ஒருத்தி சொல்றத ஊரு நின்னு கேக்குது. அது இன்னிக்கு நேத்தா வந்துச்சு? நான் ரெண்டு ஏச்சு வாங்கினா தேஞ்சா போயிருவேன்?"

"அவரு டா போட்டுப் பேசுறாருப்பா."

"பேசட்டும். எனக்குப் பழைய துணிதான் அது."

குனிந்து துழாவ ஆரம்பித்தார். பிறகு அவரே கேட்டார். "என்னதான் ஆச்சு? கம்ப்யூட்டர் சரியாத்தானே சொல்லும்?"

எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "நடவுக்கு இறங்குறப்ப ஆள் கூப்பிட்டு, இது உன் இடம், இது உன் இடம்னு பிரிச்சுவிடுவாங்கல்ல. அந்த மாதிரி எட்டுப் பேரு. ஒருத்திக்கும் அவ எத்தனாவது ஆளுன்னு தெரியல. எட்டுப் பேருமே தலைமடையில போயி நின்னுட்டாளுங்க. மிச்ச வயலுக்குள்ள யாருமே இறங்கல. நான் தூரத்துலேர்ந்து பாத்துட்டு, வயல்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

"ஆளக் கூப்பிட வேண்டியது யாரு?"

"நான்தான்."

"கூப்பிடலியா?"

"கூப்பிட்டேன். பதில் வருதான்னு கேக்கல."

அப்பா நிமிர்ந்து அவளை முதல்முறையாக நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. பாதி நட்ட வயலைக் கங்காணி பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"நல்லாப் பாத்துட்டியான்னு கேட்டேனே பாப்பா."



*

சாயங்காலம் மதகடியில் ஆம்பளைகள் கூடினார்கள். காளியம்மாளும் ஓரமாக நின்றாள், குத்தகை அவள் பெயரில் என்பதால். வீரையன்தான் பேசினார். வாசல் வயலை ஒருத்தன் இஷ்டத்துக்கு விட முடியாது, ஓரமாக மிஷின் போகிற அகலத்துக்குப் பாதை விட்டு எழுதிக் கொடுக்கட்டும் என்றார். யாரும் மறுக்கவில்லை. ராஜாங்கம் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அந்தத் துண்டு இறங்கியதைச் சுடர்விழி பார்த்தாள். மிஷின் அகலம் போனால் அந்த வயலில் என்ன மிஞ்சும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, அறுக்க வேணாம்னு சொன்னது நான். அப்பா இல்ல. எங் கணக்கு தப்பு. மெஷினு தப்பு இல்ல, மழ தப்பு இல்ல. பாக்க வேண்டியத நான் பாக்காம விட்டுட்டேன். அத மறைக்கத்தான் அப்பா பழிய ஏத்துக்கிட்டாரு."

தயாராக வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட இதில் இல்லை.

வீரையன் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "அப்பனுக்காகப் பேசுது பாருங்க புள்ள. பெத்தா இப்படிப் பெக்கணும்."

"இல்லிங்கய்யா, நெசமாத்தான் சொல்றேன். போன்ல நான்தான்..."

"சரிம்மா, சரி. நீ வீட்டுக்குப் போ. இது வயக்காட்டு விஷயம்."

அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. நம்பாமல் இருப்பது அவருக்கு வசதியாக இருந்தது. படித்த பெண் தப்புப் பண்ணினாள் என்றால் அது தப்பு, அதோடு முடிந்தது. ராஜாங்கம் பண்ணினான் என்றால் வயலில் பாதை கிடைக்கும். பழைய வார்த்தை ஒன்றும் திரும்பக் கிடைக்கும்.

சுடர்விழி காளியம்மாளைப் பார்த்தாள். "சின்னம்மா, நீங்களாவது சொல்லுங்க."

"நான் என்னத்தச் சொல்ல?" என்றாள் காளியம்மாள். "காலையில இதே எடத்துல கேட்டேன். ம்-னு சொன்ன."

அப்பா மெதுவாக, "அது அப்படித்தாங்க பேசும், விடுங்க. பாத விட்டுர்றேன்" என்றார்.

*

மறுநாள் விடிந்ததும் அவள் காளியம்மாளின் வயலுக்குப் போனாள். கையில் அம்மாவின் அருவாள். காளியம்மாள் ஏற்கெனவே தண்ணீரில் இருந்தாள்.

"உங்க வயல விட்டுட்டு இங்க என்னடி?"

"உங்களுக்கு அறுக்கிறேன்."

காளியம்மாள் இரண்டு பிடி அறுத்தாள். பிறகு சொன்னாள். "ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீ சொன்னது நெசந்தான். உங்கப்பன் பேராசைக்காரன் இல்ல. அவன எனக்குத் தெரியாதா?"

சுடர்விழிக்கு ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது.

"அப்பறம் ஏண்டி ம்-னு சொன்ன?"

தண்ணீரில் நெல் ஒன்று மிதந்து வந்து சுடர்விழியின் முழங்காலில் ஒட்டியது. அதிலும் முளை இருந்தது. நம்பாதவர் முன்னால் நிற்பதைவிட நம்பியவள் முன்னால் நிற்பது கஷ்டமாக இருந்தது.

"தெரியல சின்னம்மா."

"தெரியும். சொல்ல மாட்ட." காளியம்மாள் குனிந்துகொண்டாள். "அங்க நிக்காத, அது நான் அறுத்துட்ட எடம். அந்த ஓரத்துல போயி ஆரம்பி."

அவள் போய் ஓரத்தில் குனிந்தாள். கை மறந்துபோயிருந்தது. முதல் பிடியிலேயே சுண்டுவிரலைக் கீறிக்கொண்டாள். சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசல் வயல் பக்கமிருந்து வீரையனின் குரல் கேட்டது. பாதைக்கு அளவு பார்க்க வந்திருந்தார்.

"ராசாங்கம், அந்தக் கயித்த இழுத்துப் புடிடா."

"ஆகட்டுங்க" என்றார் அப்பா.

காளியம்மாள் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். சுடர்விழி நிமிரவில்லை. தண்ணீருக்குள் கையை விட்டு அடுத்த பிடியைத் தேடினாள்.